நல்ல போன் ஏழையின் கைக்கு எட்டுமா?

மலிவான விலையில், நல்ல தரமுள்ள ஸ்மார்ட்போன்கள் உலகமெங்கும் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் காலம் வருமா? பல வருஷங்களாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது. கம்பெனி முதலாளிகளும், அவர்களுக்குத் தாளம் போடும் பத்திரிகைகளும் இதற்கு ஒரே பதிலைத்தான் சொல்லிவந்திருக்கிறார்கள். "பொறுத்திருங்கள். விஞ்ஞானம் வளர்கிறது. கம்பெனிகளுக்கிடையே கடும் போட்டி நடக்கிறது. விலை தானாகவே இறங்கும். இன்று சீமான் கையில் இருக்கும் போன் நாளை குடியானவன் கைக்கு வரும்" என்பதே அந்தப் பதில்.

ஜனங்கள் பொறுத்துத்தான் இருந்தார்கள். விலையும் ஓரளவு இறங்கத்தான் செய்தது. ஆனால் 2025-ஆம் வருஷத்தின் பிற்பகுதியில் நடந்தது என்ன? போனுக்குள் இருக்கும் மெமரி சிப்பின் விலை கிடுகிடுவென ஏறியது. மலிவு போனுக்குப் பெயர்போன சீனத்து ஷியோமி கம்பெனியின் நிர்வாகிகளே, மெமரி விலையின் நிர்ப்பந்தத்தால் புது போனின் விலையை ஏற்ற நேர்ந்தது என்று அந்த அக்டோபர் மாதத்தில் ஒப்புக்கொண்டார்கள். "தானாகவே இறங்கும்" என்ற வேதவாக்கு பொய்த்தது. விலை இறங்கினால் அது போட்டியின் மகிமை என்றார்களே, ஏறினால் அது யாருடைய மகிமை? இந்தக் கேள்விக்கு விடை காணாமல் முதல் கேள்விக்கு விடை காண முடியாது.

ஆடம்பரமா, அவசியமா?

"கூலிக்காரனுக்கு எதற்கு டச் போன்? பட்டன் போன் போதாதா?" என்று கேட்கும் பெரிய மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கேள்வியை முதலில் சர்க்காரிடம் கேட்கட்டும். 2023 ஜனவரி 1 முதல் கிராமப்புற வேலை உறுதித் திட்டத்தின் பொதுப் பணியிடங்களில், வேலைக்கு வந்தவர்களின் வருகையைப் போன் செயலியில் படம் எடுத்துப் பதியவேண்டும் என்று கட்டாயமாக்கியது யார்? மண் வெட்டிய கை வெட்டியதாகவே இருக்க, படம் ஏறாவிட்டால் கூலிக்கு ஆபத்து என்ற நிலைமையை உண்டாக்கியது யார்? அங்கன்வாடி ஊழியர்கள் குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் போனில்தான் பதியவேண்டும் என்று உத்தரவு போட்டது யார்?

கொரோனா காலத்தில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, பாடம் போனுக்குள் போய்விட்டது. நமது நாட்டுக் கிராமங்களில் பள்ளியில் பெயர் பதிந்த பிள்ளைகளின் வீடுகளில் ஸ்மார்ட்போன் உள்ள வீடுகள் 2018-ல் 36.5 சதவிகிதம், 2020-ல் 61.8 சதவிகிதம் என்று 'அசர்' ஆய்வு கூறியது. இரண்டே வருஷத்தில், அதுவும் வேலையும் கூலியும் அற்றுப்போன காலத்தில், இத்தனை குடும்பங்கள் போன் வாங்கியது சுகம் தேடியா? பிள்ளையின் படிப்பு பாழாகிவிடக் கூடாதே என்ற தவிப்பில் கடன்பட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர்! அப்படியும் பத்து வீடுகளில் நான்கு வீடுகளுக்கு அது கிட்டவில்லை.

காசு கொடுக்கல் வாங்கல், சர்க்கார் ஆஸ்பத்திரிச் சீட்டு, விதை விலை, வேலைக்கு மனு எல்லாம் போன் வழியாகப் போகிற காலம் இது. ரேஷன் அரிசியைப்போல, பஸ் பிரயாணத்தைப்போல, ஸ்மார்ட்போனும் அன்றாட வாழ்க்கையின் தேவையாகிவிட்டது. தேவையாக்கியவர்கள் விலையைப் பற்றிப் பேசாமல் நழுவ முடியாது.

விலை இறங்கியது யாரால்?

விலை இறங்கிய கதையை நாம் மறைக்கவேண்டியதில்லை. அது மனித உழைப்பின் மகத்தான சாதனை.

2007-ல் அமெரிக்காவில் ஐபோன் வெளிவந்தபோது, இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாலும் அதன் ஆரம்ப விலை 499 டாலர். 2008-ல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள் என்பதால், ஒவ்வொரு கம்பெனியும் ஆதியிலிருந்து ஆரம்பிக்கவேண்டிய அவசியம் போயிற்று. தைவானின் மீடியாடெக் கம்பெனி, போனின் மூளையாகிய சிப்பையும், அதை வைத்துப் போன் செய்வதற்கான முழு வரைபடத்தையும் சேர்த்தே விற்றது. தென் சீனத்தில் ஷென்ஜென் நகரின் ஹுவாசியாங்பெய் கடைவீதியைச் சுற்றியிருந்த சிறு பட்டறைகள்கூட அதை வாங்கிப் போன் செய்யத் தொடங்கின. ஷியோமியின் முதல் போன் 2011-ல் 1,999 யுவானுக்கு வந்தது. அதே கம்பெனியின் ரெட்மி போன் 2013-ல் 799 யுவானுக்கு வந்தது. ஷென்ஜெனைச் சேர்ந்த டிரான்ஷன் கம்பெனி, சீனத்தில் அதிகம் விற்காமல் ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. டெக்னோ, ஐடெல், இன்ஃபினிக்ஸ் என்ற பெயர்களில் அது விற்ற போன்களில் ஒன்றுக்கு மேற்பட்ட சிம் போடலாம். கறுத்த முகமும் தெளிவாக விழும்படி கேமராவைத் திருத்தியிருந்தார்கள். பணக்கார நாட்டுக் கம்பெனிகள் ஏறெடுத்தும் பாராத தேவைகள் இவை.

இதில் கம்பெனிக்காரர்களின் சாமர்த்தியம் இல்லையா? இருக்கிறது. ஆனால் அடித்தளம் யாருடையது? ஆண்ட்ராய்டின் உள்ளே இருப்பது லினக்ஸ். 1991-ல் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்க, உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கானோர் கூடிக் கட்டியது அது. இன்டர்நெட்டின் மூலமான ஆர்ப்பாநெட், 1969-ல் அமெரிக்க சர்க்கார் பணத்தில் பிறந்தது. வழி காட்டும் ஜி.பி.எஸ். துணைக்கோள்களும் பொதுப் பணத்தில் வானேறியவையே. ஊர் கூடி இழுத்த தேரில் ஏறி நின்றுகொண்டு, "நானே இழுத்தேன்" என்று யாரும் மார்தட்டக் கூடாது.

இறங்கிய விலை எங்கே நின்றது?

செல்போன் கம்பெனிகளின் உலக சங்கமாகிய ஜி.எஸ்.எம்.ஏ. வெளியிட்ட கணக்கையே பார்ப்போம். முதலாளிகளின் சங்கம் சொல்லும் கணக்கு என்பதால், நம்மை யாரும் மிகைப்படுத்துவதாகக் குறை சொல்ல முடியாது. 2023 முடிவில் உலக ஜனத்தொகையில் 57 சதவிகிதத்தினர், அதாவது 460 கோடிப் பேர், சொந்தச் சாதனத்தில் மொபைல் இன்டர்நெட் பயன்படுத்தினார்கள். சிக்னலே எட்டாத இடங்களில் வாழ்ந்தவர்கள் 4 சதவிகிதம்தான். மீதி 39 சதவிகிதத்தினர், 310 கோடிப் பேர், தலைக்கு மேலே சிக்னல் இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் இருந்தவர்கள்!

வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. மொண்டு குடிக்கப் பாத்திரம் இல்லை. பாத்திரத்தின் விலை என்ன? ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும், இன்டர்நெட் வசதியுள்ள மிகச் சாதாரணமான ஒரு போனின் விலை சராசரி மாத வருமானத்தில் 18 சதவிகிதம் என்று 2024-ல் அதே சங்கம் கூறியது. ஆனால் இந்தச் "சராசரி" என்பது பெரும் பம்மாத்து. அந்நாடுகளின் அடித்தட்டில் உள்ள ஐந்தில் ஒரு பங்கு மக்களுக்கு அதே போனின் விலை மாத வருமானத்தில் 51 சதவிகிதம்! பாதி மாதம் பட்டினி கிடந்தால் ஒரு போன். பெண்கள் நிலைமை இன்னும் மோசம். ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்கள் மொபைல் இன்டர்நெட் பயன்படுத்துவது இந்த நாடுகளில் 15 சதவிகிதம் குறைவு என்று அந்த வருஷத்துக் கணக்கு காட்டியது. வீட்டில் ஒரே போன் என்றால் அது யார் சட்டைப்பையில் இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

30 டாலருக்கு ஒரு போன் கிடைத்தால், 160 கோடிப் பேர் வரை அதை வாங்க முடியும் என்று 2025-ல் இந்தச் சங்கம் கணித்தது. அந்த அக்டோபரில் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் கூடியபோது, ஆப்பிரிக்காவின் பெரிய செல்போன் சேவைக் கம்பெனிகள் சேர்ந்து, 30 முதல் 40 டாலருக்குள் அடங்கும் 4ஜி போனுக்கான குறைந்தபட்ச தரத்தை முன்வைத்தன. நல்ல காரியம்தான். ஆனால் அதே மாதங்களில் மெமரி சிப்பின் விலை மேலே பாய்ந்துகொண்டிருந்தது. ஒரு கை ஏணியை வைக்கிறது. இன்னொரு கை படியை உருவுகிறது.

மூன்று கம்பெனிகளின் பிடி

மெமரி விலை ஏன் ஏறியது? பூகம்பம் இல்லை, யுத்தத்தில் தொழிற்சாலை எரிந்துபோகவும் இல்லை. செயற்கை அறிவு யந்திரங்களுக்காக அமெரிக்காவின் பெரும் கம்பெனிகள் கட்டிய ராட்சதக் கணினிக் கூடங்களுக்கு விசேஷ ரக மெமரி தேவைப்பட்டது. அதில் லாபம் அதிகம். உலகத்தின் டி-ராம் மெமரியில் பத்தில் ஒன்பது பங்கைச் செய்பவை மூன்றே கம்பெனிகள்: தென்கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். இவை தங்கள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பின. சாதாரண மெமரிக்குத் தட்டுப்பாடு வந்தது. 2025 டிசம்பரில் மைக்ரான், சாதாரண மக்களுக்கு மெமரி விற்கும் தன் 'குரூஷியல்' வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது.

இதில் அடி யாருக்கு என்று கவனிக்கவேண்டும். ஒரு லட்ச ரூபாய் போனில் மெமரி விலை கூடினால், கம்பெனி தன் லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துச் சமாளிக்கலாம், வாங்குபவரும் பொருட்படுத்தமாட்டார். ஏழாயிரம் ரூபாய் போனில் லாபம் சொற்பம்; செலவில் மெமரியின் பங்கோ பெரிது. அங்கே ஒன்று விலையை ஏற்றவேண்டும், அல்லது மெமரியைக் குறைத்துத் தரத்தைக் கெடுக்கவேண்டும். விலையேற்றம் எல்லோருக்கும் பொது என்று சொல்வார்கள். மழை எல்லோர் வீட்டிலும்தான் பெய்கிறது. ஒழுகுவது கூரை வீட்டில்.

இந்தக் கம்பெனிகளின் பூர்வோத்தரம் உலகம் அறிந்ததே. 1990-களின் இறுதியிலிருந்து 2002 வரை மெமரி கம்பெனிகள் கூடிப் பேசி விலையை நிர்ணயித்த குற்றத்துக்காக, அமெரிக்க சர்க்கார் வழக்குத் தொடுத்தது. இன்ஃபினியான் 16 கோடி டாலரும், ஹைனிக்ஸ் 18.5 கோடி டாலரும், சாம்சங் 30 கோடி டாலரும் அபராதம் கட்டின. மைக்ரான் விசாரணைக்கு ஒத்துழைத்து அபராதத்திலிருந்து தப்பியது. இப்போதைய விலையேற்றமும் அப்படிப்பட்ட சதி என்று நாம் கூறவில்லை. சதி செய்யவேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் விஷயம். மூன்று பேர் கையில் உலகத்தின் மெமரி இருந்தால், ஒவ்வொருவரும் தத்தமக்கு லாபமான வழியில் போனாலே போதும். கோடிக்கணக்கான ஏழைகளின் போன் விலை ஏறிவிடும். போட்டி என்ற பெயரில் நடப்பது இதுதான்.

காப்புரிமைக் கப்பம்

சிப்பின் விலை ஒரு பக்கம். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு விலையும் உண்டு. போன் பேசுவதற்கும் இன்டர்நெட் இழுப்பதற்குமான தொழில்நுட்பங்கள் மீது சில கம்பெனிகள் காப்புரிமை வைத்திருக்கின்றன. அவற்றுக்குக் கப்பம் கட்டாமல் யாரும் போன் விற்க முடியாது. அமெரிக்காவின் குவால்காம் கம்பெனி இதில் முதன்மையானது. அது ஒரு பாகத்தின் விலையில் பங்கு கேட்பதில்லை. முழுப் போனின் விலையில் சதவிகிதம் கேட்டது. நல்ல திரை போட்டால் அதற்கும் கப்பம் கூடும். நல்ல கேமரா வைத்தால் அதற்கும் கூடும்!

2015 பிப்ரவரியில் சீன சர்க்கார் இதில் தலையிட்டது. குவால்காமுக்குச் சுமார் 97.5 கோடி டாலர் அபராதம் விதித்தது. சீனத்தில் விற்கும் போன்களுக்கு, விலையில் 65 சதவிகிதத்தை மட்டுமே கணக்கில் எடுத்து, அதன்மீதுதான் கப்பம் வசூலிக்கலாம் என்ற ஏற்பாட்டுக்கு அந்தக் கம்பெனி இறங்கிவந்தது. எந்தச் சந்தையும் இதைச் செய்யவில்லை. ஒரு சர்க்கார் செய்தது.

நமது நாட்டுக்கும் இதில் பெருமைக்குரிய அனுபவம் உண்டு. 1970-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருள் மீதே காப்புரிமை கோருவதை அனுமதிக்கவில்லை. செய்முறை மீது மட்டும் அனுமதித்தது. அதன் பலனாக வளர்ந்த மருந்துத் தொழில் என்ன செய்தது? எய்ட்ஸ் நோயாளி ஒருவருக்கு ஒரு வருஷ மருந்துக்குப் பன்னாட்டுக் கம்பெனிகள் 10,000 டாலருக்கு மேல் வாங்கிவந்த காலத்தில், 2001-ல் இந்தியாவின் சிப்லா கம்பெனி 350 டாலருக்குத் தர முன்வந்தது. மருந்தில் முடிந்தது போனில் முடியாதா?

தவணை வலை

"மொத்தமாகக் கொடுக்க வேண்டாம், தினம் கொஞ்சம் கொடுங்கள்" என்று இன்னொரு வழி காட்டுகிறார்கள். கென்யாவில் 2020-ல் சஃபாரிகாம் கம்பெனி கூகுளுடன் சேர்ந்து, தினம் 20 ஷில்லிங் கட்டி ஸ்மார்ட்போன் வாங்கும் திட்டத்தைத் தொடங்கியது. கையில் மொத்தப் பணம் இல்லாதவருக்கு இது உதவிதான் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தவணை தவறினால், கம்பெனி எங்கிருந்தோ ஒரு பொத்தானை அழுத்தி, வாங்கியவர் கையிலிருக்கும் போனைப் பூட்டிவிடுகிறது. கந்துவட்டிக்காரராவது கடன்காரன் வாசலுக்கு வந்து நிற்பார். இங்கே அந்தச் சிரமமும் இல்லை! காய்கறி விற்கும் பெண்ணுக்கு வியாபாரம் நடக்காத நாளில்தான் தவணை தவறும். வியாபாரத்துக்குப் போன் வேண்டியதும் அந்த நாளில்தான். கட்டி முடிக்கும்போது ரொக்கமாக வாங்கியவரைவிட அதிகமாகக் கட்டியிருப்பார். ஏழைக்குப் பொருள் எப்போதும் அதிக விலை என்ற பழைய நியதி புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது.

மலிவு வேறு, மட்டம் வேறு

விலை குறைந்தால் மட்டும் போதாது, பொருள் உழைக்கவேண்டும். இதிலே நமது நாட்டு ஜனங்கள் கண்ட ஏமாற்றங்கள் அநேகம்.

2011-ல் 'ஆகாஷ்' என்ற கையடக்கக் கணினியை மத்திய சர்க்கார் தடபுடலாக வெளியிட்டது. சர்க்கார் கொடுத்த விலை ரூ. 2,276. அதன் மெமரி 256 எம்.பி.; தொட்டால் அசையாத திரை. மாணவர்களுக்கு அது பயன்படவில்லை. 2016-ல் நொய்டாவைச் சேர்ந்த ஒரு கம்பெனி, 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் தருவதாக விளம்பரம் செய்தது. முன்பதிவுக்கு ஜனங்கள் முண்டியடித்ததில் அதன் இணையதளமே முடங்கிற்று. உள்ளே இருக்கும் பாகங்களின் விலைக்குக்கூட 251 ரூபாய் காணாது என்பது தொழில் தெரிந்த எவருக்கும் தெரியும். 2017-ல் அந்தக் கம்பெனியின் டைரக்டர் மோசடிப் புகாரில் கைதானார். 251 ரூபாய்ப் போனை நம்பிய ஜனங்களைக் கேலி செய்தவர்கள் உண்டு. நாம் கேலி செய்யமாட்டோம். தாகம் இருப்பவன்தான் கானல் நீரை நோக்கி ஓடுவான்.

மகாராஷ்டிரத்தில் அங்கன்வாடி ஊழியர்களுக்குச் சர்க்கார் கொடுத்த போன்களின் கதை இன்னும் படிப்பினை நிறைந்தது. 2 ஜி.பி. மெமரி மட்டுமே இருந்த அந்தப் போன்கள், சர்க்கார் சுமத்திய செயலியைத் தாங்கமாட்டாமல் சூடேறின, நின்றன. ரிப்பேர் செலவு ஊழியர்கள் தலையில் விழுந்தது. 2021 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான ஊழியர்கள், "இந்தா, உங்கள் போன்" என்று சர்க்காரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். வேலைக்கு உதவாத போன் இலவசமாக வந்தாலும் விலை அதிகம்தான் என்பதை அந்தச் சகோதரிகள் நாட்டுக்கு உணர்த்தினார்கள்.

நல்ல போன் என்றால் என்ன? கேமராவில் எத்தனை கண் என்று எண்ணுவது தரம் ஆகாது. வேண்டிய செயலிகளைத் திணறாமல் ஓட்டவேண்டும். ஒரு நாள் வேலைக்குச் சார்ஜ் நிற்கவேண்டும். ஐந்து வருஷம் உழைக்கவேண்டும். பேட்டரி போனால் பேட்டரியை மட்டும் மாற்ற முடியவேண்டும். தாய்மொழியில் பேசவேண்டும், எழுதவேண்டும். திருடர்கள் புகாதபடி பாதுகாப்பு மென்பொருள் தவறாமல் வரவேண்டும். மலிவு போன்களில் பெரும்பாலும் வெட்டுப்படுவது இந்தக் கடைசி விஷயங்களே. 2020-ல், ஆப்பிரிக்காவில் விற்கப்பட்ட ஒரு மலிவு ரகப் போனில், வாங்கும்போதே திருட்டு மென்பொருள் உள்ளே இருந்து, ஏழைகளின் ரீசார்ஜ் பணத்தைத் தின்றது அம்பலமாயிற்று.

இதையும் சட்டத்தால் திருத்த முடியும். ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் அமலுக்கு வந்த விதிகளின்படி, ஒரு போன் விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருஷம் மென்பொருள் புதுப்பித்துத் தரவேண்டும். ஏழு வருஷம் உதிரி பாகம் கொடுக்கவேண்டும். ஐரோப்பியனுக்கு ஐந்து வருஷம் உழைக்கும் போன், ஆப்பிரிக்கனுக்கும் இந்தியனுக்கும் இரண்டு வருஷத்தில் குப்பைக்குப் போகவேண்டுமா?

தொழிலாளியின் கூலியா தடை?

"விலை குறையவேண்டுமானால் கூலியைக் கூட்டக் கூடாது" என்று ஒரு வாதம் கிளம்பும். இது சுத்தப் பொய். ஆசிய வளர்ச்சி வங்கி நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். 2009-ல் சீனத்தில் செய்த ஒரு ஐபோனின் உற்பத்திச் செலவு 178.96 டாலர். அதில் பாகங்களைப் பூட்டி முடித்த சீனத் தொழிலாளர்களின் உழைப்புக்குப் போனது 6.50 டாலர்! அந்தப் போன் கடையில் விற்றதோ சுமார் 500 டாலருக்கு. கூலியை இரட்டிப்பாக்கினாலும் விலையில் ஒரு சிறு கீறல்தான் விழும்.

இது தூரத்துச் செய்தி அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் திறந்த நோக்கியா ஆலை, உலகத்துக்கே மலிவான பட்டன் போன்களைச் செய்து அனுப்பியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் அங்கே பாடுபட்டார்கள். 2014 நவம்பர் 1-ஆம் தேதி அது மூடப்பட்டது. அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பிறகு விலையுயர்ந்த ஐபோன்கள் உற்பத்தியாயின. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாடு விஷமாகி 150-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். உலகத்தின் மிக விலையுயர்ந்த போனைச் செய்கிறவர்களுக்கு நல்ல சோறு கிடைக்க, நடுரோட்டில் உட்காரவேண்டியிருந்தது! 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் சட்டத் திருத்தம் சட்டசபையில் நிறைவேறியதும், தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே தினத்தன்று அது வாபஸ் ஆனதும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விலை உயர்ந்த போனும் தொழிலாளிக்கு வாழ்வு தரவில்லை. ஆகவே மலிவு போனுக்காகத் தொழிலாளி வாழ்வை இழக்கவேண்டும் என்ற பேச்சு எடுபடாது.

சர்க்காரின் போக்கு

மத்திய சர்க்கார் என்ன செய்தது? 2020 ஏப்ரல் 1 முதல் செல்போன் மீதான ஜி.எஸ்.டி.யை 12-லிருந்து 18 சதவிகிதமாக உயர்த்தியது. ஐந்தாயிரம் ரூபாய்ப் போனுக்கும் 18. ஒன்றரை லட்சம் ரூபாய்ப் போனுக்கும் 18. 2025 செப்டம்பரில் பல பொருள்களுக்கு வரியைக் குறைத்தபோதும் செல்போனைத் தொடவில்லை. தென் ஆப்பிரிக்கா 2025 ஏப்ரலில், 2,500 ராண்டுக்குக் குறைந்த விலையுள்ள ஸ்மார்ட்போன்களுக்கு 9 சதவிகித ஆடம்பர வரியை நீக்கியது. அங்கே தோன்றிய யோசனை இங்கே ஏன் தோன்றவில்லை?

அதே 2020-ல் உற்பத்தி ஊக்கத்தொகை என்ற பெயரில் சுமார் 41,000 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. அதில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் போட்ட நிபந்தனை என்ன? 15,000 ரூபாயும் அதற்கு மேலும் விலையுள்ள போன்களுக்கே ஊக்கத்தொகை! மலிவு ரகத்தை உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு ஒதுக்கவே இந்த வரம்பு என்றார்கள். உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு வரம்பு இல்லை என்பதும் உண்மை. ஆனால் மலிவு விலையில், குறிப்பிட்ட தரத்தில், இத்தனை லட்சம் போன் இந்த நாட்டு ஜனங்களுக்குக் கொடுத்தாகவேண்டும் என்று ஒருவருக்கும் நிபந்தனை இல்லை. ஏற்றுமதிக் கணக்கு ஏறியது. ஏழையின் பட்டன் போன் பட்டன் போனாகவே இருந்தது. 25 கோடி இந்தியர்கள் 2ஜி காலத்திலேயே சிக்கியிருக்கிறார்கள் என்று 2023-ல் ஜியோ கம்பெனியே சொல்லி, அவர்களுக்கு 999 ரூபாய்க்கு விற்க முன்வந்ததும் இன்னொரு பட்டன் போனைத்தான்.

வழி இருக்கிறது

வழி தெரியாமல் யாரும் திண்டாடவில்லை. எல்.இ.டி. பல்பு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். 2014-ல் பொதுத்துறைக் கம்பெனி மொத்தமாகக் கொள்முதல் செய்தபோது ஒரு பல்பின் விலை ரூ. 310. கோடிக்கணக்கில் ஆர்டர் கொடுத்து, தரத்தையும் நிர்ணயித்து, டெண்டர் விட்டதில் 2016-ல் அது ரூ. 38-க்கு இறங்கியது. பல்பும் போனும் ஒன்றல்ல. போனில் சிப்பும் காப்புரிமையும் குறுக்கே நிற்கின்றன. ஆயினும் சிதறிக் கிடக்கும் ஏழைகளின் தேவையை ஒன்றுதிரட்டி ஒரே கையாக நீட்டினால், விற்கிறவன் இறங்கிவருவான் என்ற உண்மை இரண்டுக்கும் பொது. ஆப்பிரிக்க, ஆசிய நாட்டு சர்க்கார்கள் சேர்ந்து, பத்துக் கோடி போன்களுக்கு ஒரே தரத்தில், ஒரே ஆர்டர் கொடுத்தால், மெமரி கம்பெனிகளும் காப்புரிமைக்காரர்களும் காது கொடுக்காமல் இருக்க முடியுமா?

ஆகவே நாம் கோருவது இவை:

முதலாவது, ஒரு குறிப்பிட்ட விலைக்குக் குறைந்த ஸ்மார்ட்போன்களுக்கு ஜி.எஸ்.டி.யை அறவே நீக்கவேண்டும்.

இரண்டாவது, பொதுப் பணத்தில் ஊக்கத்தொகை வாங்கும் ஒவ்வொரு கம்பெனியும் உற்பத்தியில் ஒரு பங்கை, நிர்ணயித்த தரத்திலும் விலையிலும் உள்நாட்டு மக்களுக்குக் கொடுக்கவேண்டும். அந்த ஆலைகளில் தொழிற்சங்க உரிமையும் நியாயமான கூலியும் நிபந்தனையாக இருக்கவேண்டும்.

மூன்றாவது, பொதுத்துறை மூலம் மொத்தக் கொள்முதல் செய்து, பள்ளிப் பிள்ளைகள், அங்கன்வாடி ஊழியர்கள், விவசாயக் கூலிகள், பெண்கள் ஆகியோருக்கு முதலில் கிடைக்கும்படி விநியோகிக்கவேண்டும்.

நான்காவது, ஐந்து வருஷ மென்பொருள் பாதுகாப்பும், உதிரி பாகமும், மாற்றக்கூடிய பேட்டரியும் சட்டப்படி கட்டாயமாகவேண்டும். தவணை பாக்கிக்காகப் போனை முழுக்கப் பூட்டும் வழக்கத்தைத் தடை செய்யவேண்டும்.

ஐந்தாவது, ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு எந்தக் கூலியும், ரேஷனும், வைத்தியமும், படிப்பும் மறுக்கப்படக் கூடாது. நல்ல போன் எல்லோர் கைக்கும் போய்ச் சேரும் நாள்வரை, பழைய நோட்டும் கையெழுத்தும் செல்லும் என்று உத்தரவு வேண்டும்.

முதல் கேள்விக்கு வருவோம். மலிவான நல்ல போன் உலகமெங்கும் பரவுமா? பரவும் என்பதே நமது பதில். அதற்கு வேண்டிய விஞ்ஞானம் இருக்கிறது. செய்யத் தெரிந்த கைகள் ஷென்ஜெனிலும் இருக்கின்றன, ஸ்ரீபெரும்புதூரிலும் இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான்: மெமரி எந்தப் பக்கம் திரும்பவேண்டும், வரி யார்மீது விழவேண்டும், ஊக்கத்தொகை எந்தப் போனுக்குப் போகவேண்டும் என்பதை ஜனங்களின் தேவை தீர்மானிக்கும் நிலைமை. அந்த நிலைமை தானாக வராது. பொறுத்திருந்து பார்த்தாகிவிட்டது. மகாராஷ்டிரத்து அங்கன்வாடி ஊழியர்கள் உதவாத போனைத் திருப்பிக் கொடுத்தார்களே, அந்தத் துணிச்சலோடு, உதவும் போனைக் கேட்டு வாங்கும் காலம் இது. ஊர்தோறும், ஆலைதோறும் இந்தக் கோரிக்கைகள் ஒலிக்கட்டும்!